திறந்தால் நோய், மூடினால் பட்டினி

கோபாலபுரத்து ஃபில்டரில் இறங்கும் காபிக்கு ஒரு பழைய பகை உண்டு: இலைத்துரு. 1869-இல் இலங்கைத் தோட்டங்களில் தென்பட்ட அந்தப் பூஞ்சைக்கு, அங்கே காபி வீழ்ந்து தேயிலை வந்ததில் பெரும்பங்கு. அது நுழைந்தது இலையின் அடிப்புறத் துளைகள் வழியே. துளைகளை மூடியே வைத்தால் என்ன? கரியமில வாயு வராது. செடி பட்டினி கிடக்கும். ஆபத்து வரும்போது மட்டும் மூடலாமே? செடிகள் அதையும் செய்கின்றன. பாக்டீரியாவை உணர்ந்து துளைகள் மூடிக்கொள்வதை 2006-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். சில பாக்டீரியாக்களோ கொரோனடின் என்ற நச்சை விட்டு அவற்றை மறுபடி திறக்க வைக்கின்றன (கில்லாடிகள்தான்). துளை குறைந்த ரகமே தீர்வு என்பவர்கள், வெயிலில் இலை குளிர்வதும் இதே துளைகளில் நீர் ஆவியாவதால்தான் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.