கப்பல் ஏறும் முன்பே கேட்ட மன்னிப்பு

1381 டிசம்பர் நடுவில், வெஸ்ட்மின்ஸ்டரில் கூடியிருந்த இங்கிலாந்து நாடாளுமன்றத்தில், அந்தக் கோடையில் கலகம் செய்தவர்களுக்குப் பொதுமன்னிப்பு அறிவிக்கப்பட்டது. எதற்காக இந்தத் தயவு என்பதையும் ஆவணம் சொல்கிறது. கடவுளுக்காக, மரியன்னைக்காக, அப்புறம் ஆன் என்ற சீமாட்டி தனிப்பட்ட முறையில் வேண்டிக்கொண்டதற்காக. இந்த ஆன், காலஞ்சென்ற பேரரசர் நான்காம் கார்லின் மகள். பிராக் நகரத்துப் பெண், வயது 15. கூடிய சீக்கிரம் இங்கிலாந்தின் அரசியாகப் போகிறவள். போகிறவள்தான், இன்னும் ஆகவில்லை. அவள் டோவர் துறைமுகத்தில் வந்து இறங்கியது டிசம்பர் 18-ஆம் தேதி. மன்னிப்பு அதற்குச் சில நாள் முன்பே வந்துவிட்டது.

முதலில் இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரு பெண், பார்த்தே இராத ஊரின் குடியானவர்களுக்காகக் கண்ணீர் விட்டாளாம், அரசன் இளகினானாம். எழுத்தர் யாரோ நல்ல மையில் அவள் பெயரைச் சேர்த்திருக்கிறார், அவ்வளவுதான் என்று விட்டுவிட்டேன். ஆனால் அந்தப் பெயர் எதற்குத் தேவைப்பட்டது என்ற கேள்வி விடவில்லை. மன்னிப்பது என்று முடிவான பிறகு மன்னித்துவிட்டுப் போக வேண்டியதுதானே? நடுவில் எதற்கு ஒரு பெண்?

கோடையில் நடந்தது சாதாரணக் கலவரம் அல்ல. பிரான்ஸோடு நடந்த முடியாத போருக்காக 1377-லிருந்து மூன்று முறை தலைவரி போட்டார்கள். மூன்றாவது முறை, 15 வயது தாண்டியவர்களுக்குத் தலைக்கு 12 பென்ஸ் என்ற கணக்கு. முதல் வரியைப் போல மூன்று மடங்கு. தண்டலுக்கு வந்தவர்களை எஸ்ஸெக்ஸ்காரர்கள் அடித்து விரட்டினார்கள், கென்ட்காரர்களும் எழுந்தார்கள், ஜூன் மாதம் இரண்டு கூட்டமும் லண்டனுக்குள் நுழைந்தது. கான்டர்பரிப் பேராயரையே கோட்டையிலிருந்து இழுத்து வந்து தலையை வெட்டினார்கள். மைல் எண்ட் திடலில் 14 வயது அரசன் இரண்டாம் ரிச்சர்ட் அவர்களை நேரில் சந்தித்து, பண்ணையடிமை முறை ஒழிந்தது என்று எழுதியே கொடுத்தான். மறுநாள் ஸ்மித்ஃபீல்டில் அவர்களின் தலைவன் வாட் டைலர் கொல்லப்பட்டான். கூட்டம் கலைந்தது. ஜூலை தொடக்கத்தில் அரசன் தான் கொடுத்ததை எல்லாம் செல்லாது என்று அறிவித்தான். அப்புறம் ஊர் ஊராக விசாரணை, தூக்கு.

இப்படி ஒரு முறை வாக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டவன், டிசம்பரில் இன்னொரு முறை திரும்ப வேண்டியிருந்தது. நாட்டில் பயம் அடங்கவில்லை. யார் எப்போது பிடிபடுவார்கள் என்று தெரியாமல் ஆட்கள் தலைமறைவாகவே இருந்தால் அடுத்த கலகம் அங்கிருந்துதான் கிளம்பும். மன்னித்தாக வேண்டும். ஆனால் பயந்துபோய் மன்னித்தான் என்று எவனும் சொல்லிவிடக் கூடாது.

எங்கள் பெரியப்பா, சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்ட மகளை "செத்தாலும் வாசப்படி மிதிக்கக் கூடாது" என்றார். தெருவே கேட்கும்படி சொன்னார். பேரன் பிறந்த சேதி வந்த பிறகு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவரால் "வரச் சொல்" என்று சொல்ல முடியவில்லை. பெரியம்மா ஒருநாள் வெற்றிலைத் தட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "குழந்தையை மட்டுமாவது பார்த்துட்டு வரட்டுங்களா?" என்று கேட்டார். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உன் முகத்துக்காக விடுறேன்" என்றார். அடுத்த பேருந்திலேயே ஆள் போனது. அவர் காத்திருந்ததே அந்தக் கேள்விக்குத்தான். கேட்கும் முன்பே பெரியம்மாவுக்கும் அது தெரியும்.

இடைக்கால ஐரோப்பாவில் இதை ஒரு வழக்கமாகவே வைத்திருந்தார்கள். அரசன் நீதி, அரசி கருணை. பைபிளில் தன் மக்களுக்காக அரசன் முன் போய் நின்ற எஸ்தர் அரசிகளுக்கு முன்மாதிரி. மகனிடம் மன்றாடும் மரியன்னை இன்னொரு முன்மாதிரி. ரிச்சர்டின் பாட்டி ஃபிலிப்பா, 1347-இல் கலே நகரத்துப் பெரிய மனிதர்கள் ஆறு பேருக்காக மண்டியிட்ட கதையை வரலாற்றாளர் ஃப்ரோய்சார் எழுதி வைத்திருக்கிறார். ஏறத்தாழ ஒரு வருட முற்றுகைக்குப் பிறகு, கழுத்தில் கயிறும் கையில் கோட்டைச் சாவியுமாக வந்தவர்களை மூன்றாம் எட்வர்ட் வெட்டச் சொல்கிறான். தளபதிகள் சொல்லியும் கேட்கவில்லை. நிறைமாதக் கர்ப்பிணியான மனைவி காலடியில் விழுந்ததும் விட்டுவிடுகிறான். அந்த அறுவரையும் சிற்பி ரோடின் பிறகு வெண்கலத்தில் வார்த்தார். ஆறு பேர் பிழைத்தார்கள், சரி. ஊர்? கலே மக்களில் பெரும்பாலோரை எட்வர்ட் வெளியேற்றிவிட்டு ஆங்கிலேயர்களைக் குடியேற்றினான். ஃபிலிப்பாவின் கண்ணீர் அவ்வளவு தூரம் பாயவில்லை.

இந்தக் கருணையில் காசும் உண்டு. அரசனுக்கு யாராவது மனமுவந்து பெருந்தொகை செலுத்தி ஒரு சலுகையோ மன்னிப்போ பெற்றால், அந்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கைக் கூடுதலாக அரசிக்கும் கட்ட வேண்டும். ‘அரசியின் பொன்’ என்று பெயர். இதற்காக அரசிகளின் கருணையையே சந்தேகப்பட நான் தயாரில்லை.

எனக்கு உறுத்துவது வேறு. 1381-இல் மன்னிப்பு மூன்று விதமாக வந்தது. முதலாவது, கலகத்தை அடக்குகிறோம் என்று விசாரணையில்லாமல் ஆட்களைக் கொன்ற பிரபுக்களுக்கு. இரண்டாவதுதான் கலகக்காரர்களுக்கு. மூன்றாவது, கலகத்தில் சேராமல் ஒழுங்காக இருந்த குடிகளின் மற்ற பிழைகளுக்கு. வரிசையில் முதலில் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். கலகக்காரர்களுக்கான மன்னிப்பிலும் 280-க்கும் மேற்பட்ட ஆட்களைப் பெயர் சொல்லி விலக்கினார்கள். கான்டர்பரி, கேம்பிரிட்ஜ், பரி செயின்ட் எட்மண்ட்ஸ் உட்பட ஆறு ஊர்களையும் முதலில் சேர்க்கவில்லை. மற்ற ஊர்களுக்குப் பிறகு கிடைத்தது, பரி மட்டும் நெடுநாள் வெளியே நின்றது. மன்னிப்புக் கடிதம் முத்திரையோடு வேண்டும் என்றால் எழுத்தகத்தில் கட்டணம் கட்ட வேண்டும். 12 பென்ஸுக்கு வழியில்லாமல் எழுந்தவனிடம்!

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. அவர்கள் உயிருக்காக எழுந்தவர்கள் அல்ல. அடிமை முறை போக வேண்டும், நியாயமான குத்தகைக்கு நிலம் வேண்டும் என்று கேட்டவர்கள். அரசன் பக்கம்தான் நிற்கிறோம், அவனைச் சுற்றியுள்ள துரோகிகளைத்தான் எதிர்க்கிறோம் என்று நம்பியவர்கள். அந்தக் கோரிக்கைக்குப் பதிலாக அவர்கள் கையில் கொடுத்தது மன்னிப்புக் கடிதம். வாங்கிக்கொண்டால் துரோகி நான்தான் என்று ஒப்புக்கொண்டதாகும். வாங்காவிட்டால் கயிறு. ஆனின் பெயரைச் சேர்த்ததும் பேச்சு முழுக்க அவளுடைய இரக்கத்தைப் பற்றியதாகிவிட்டது. தலைவரி நியாயமா, அடிமை முறை நியாயமா என்பதைப் பேச இடமே இல்லை.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்" என்று யாராவது என்னிடம் வந்து நிற்கும்போதெல்லாம் இந்தச் சங்கடம் எனக்கும் உண்டு. சொன்னால் காரியம் நடக்கலாம். ஆனால் உரிமையோடு கிடைக்க வேண்டியது என் தயவில் கிடைத்ததாக ஆகிவிடும், எனக்கும் உள்ளுக்குள் ஒரு மிதப்பு வரும். அதற்காகச் சொல்லாமல் இருந்துவிட முடிகிறதா? இல்லை. கொள்கை பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில் ஒரு பையனின் வேலை போய்விடும். சொல்லிவிடுகிறேன். சொன்ன பிறகு மிதப்பும் வருகிறது. எஸ்ஸெக்ஸில் காட்டுக்குள் பதுங்கியிருந்த ஒருவனுக்கு, வீட்டுக்குத் திரும்பிப் போகலாம் என்பது அந்த டிசம்பரில் சின்ன விஷயமாக இருந்திருக்காது. யார் பெயரில் வந்தது என்று அவன் ஆராய்ந்திருக்கவும் மாட்டான்.

ஆனும் எழுத்தர் எழுதிவைத்த பெயராகவே இருந்துவிடவில்லை. ஜனவரியில் கல்யாணமும் முடிசூட்டும் முடிந்தன. வரதட்சணை கொண்டுவரவில்லை. போதாததற்கு அவளுடைய அண்ணனுக்கு ரிச்சர்ட் பெருந்தொகை கடன் கொடுக்க வேண்டியிருந்தது. இத்தனூண்டு பெண்ணுக்கு இவ்வளவு பணமா என்று ஒரு மடாலயத்து வரலாற்றாளர் முகம் சுளித்திருக்கிறார். அந்தப் பெண்ணின் வேண்டுகோளின்பேரில் என்று குறித்த மன்னிப்புகள் அரச பதிவேடுகளில் பிறகும் வந்துகொண்டே இருந்தன. எல்லாமே சடங்குக்கு எழுதியவை என்று என்னால் நம்ப முடியவில்லை. கேட்கிற பழக்கம் அவளுக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

அந்தப் பழக்கத்துக்குச் சோதனை 1388-இல் வந்தது. ரிச்சர்டின் அதிகாரத்தைப் பிரபுக்கள் ஐந்து பேர் பிடுங்கிக்கொண்டு, அவன் ஆட்களை ஒவ்வொருவராக நாடாளுமன்றத்தில் நிறுத்தினார்கள். இரக்கமற்ற நாடாளுமன்றம் என்றே அதற்குப் பெயர் விழுந்தது. பிடிபட்டவர்களில் சைமன் பர்லி ரிச்சர்டின் ஆசான், ஆனின் கல்யாணப் பேச்சுக்குப் பிராக் வரை போனவர். ஐவரில் ஒருவனான பாலிங்புரோக்கே அவரைக் கொல்ல வேண்டாம் என்றான். ஆன் பிரபுக்களிடம் மன்றாடினாள். அவள் ஐவரில் இன்னொருவனான ஆரண்டெல் பிரபுவின் முன்னால் மூன்று மணி நேரம் முழங்காலில் நின்றதாகவும், உனக்காகவும் உன் புருஷனுக்காகவும் வேண்டிக்கொள், அது நல்லது என்று அவன் சொன்னதாகவும் பின்னாளில் எழுதப்பட்ட ஒரு பிரெஞ்சு வரலாறு சொல்கிறது. யாருக்காக நின்றாள் என்பதில் அந்த நூல் வேறு பெயர் தருகிறது. ஆனாலும் பர்லிக்கான மன்றாட்டோடு சேர்த்தே அதைப் பேசுவது வழக்கமாகிவிட்டது. மே 5-ஆம் தேதி டவர் ஹில்லில் பர்லியின் தலை விழுந்தது.

மூன்று மணி நேரம் என்பது மிகைப்படுத்தலாக இருக்கலாம். கல் தரையில் அரைமணி நேரம் முழங்காலில் நின்று பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு என்று தெரியும். இந்த முறை எதிரே இருந்தவன், எப்போது கேட்பாள் என்று காத்திருந்த கணவன் அல்ல. இளகும் எண்ணமே இல்லாதவன். அரசி மண்டியிட்டால் அரசன் இளகுவான் என்ற ஏற்பாடு அந்த அறையில் செல்லுபடியாகவில்லை. தோற்கப்போகிறோம் என்று அவளுக்கும் தெரிந்திருக்கும். என் பெரியம்மாவுக்கு வாய்த்தது சுலபமான கேள்வி, 1381-இல் ஆனுக்கு வாய்த்தது அதைவிடச் சுலபம், வாயே திறக்க வேண்டியிருக்கவில்லை. பர்லிக்காக அவள் கேட்டதைத்தான் ‘கேட்டது’ என்று நான் சொல்வேன்.

1392-இல் பழைய நாடகம் மறுபடியும் ஒழுங்காக நடந்தது. கடன் தர மறுத்த லண்டன் நகரத்தின் உரிமைகளை ரிச்சர்ட் பறித்து, ஒரு லட்சம் பவுண்டு அபராதம் போட்டான். ஆகஸ்டில் நகரத்தார் தோரணமும் ஒயின் ஊற்றும் வைத்து இருவரையும் வரவேற்றார்கள். வெஸ்ட்மின்ஸ்டரில் ஆன் கணவன் முன் பணிந்து நகரத்துக்காகக் கேட்டாள், அவன் கைகொடுத்துத் தூக்கிப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டான். அபராதம் தள்ளுபடி, கடைசியில் நகரம் கட்டியது 10,000 பவுண்டு. அடுத்த ஜனவரியில் லண்டன்காரர்கள் அரசனுக்கு ஒட்டகமும் அரசிக்கு அகன்ற தொண்டையுள்ள ஒரு பெரிய பறவையும் பரிசளித்தார்கள். கூழைக்கடாவாக இருக்க வேண்டும். அதை வைத்துக்கொண்டு ஆன் என்ன செய்தாளோ.

1394 ஜூனில் அவள் ஷீன் மாளிகையில் இறந்தாள். வயது 28, குழந்தை இல்லை. ரிச்சர்ட் அந்த மாளிகையையே இடிக்கச் சொன்னான். வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் நடந்த இறுதிச் சடங்குக்கு ஆரண்டெல் தாமதமாக வந்து, சீக்கிரம் போக அனுமதியும் கேட்டான். அரசன், பக்கத்தில் நின்ற காவலன் கையிலிருந்த கோலைப் பிடுங்கி ஆரண்டெலின் மண்டையில் அடித்தான். ரத்தம் சிந்தித் தீட்டுப்பட்ட தலத்தைச் சுத்தி செய்த பிறகுதான் சடங்கைத் தொடர முடிந்தது.

மூன்று வருடம் கழித்து ஆரண்டெல் நாடாளுமன்றத்தில் குற்றவாளியாக நின்றான். எனக்கு மன்னிப்பு ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது என்று வாதாடினான். உண்மைதான், முத்திரையோடு வாங்கியிருந்தான். ரிச்சர்ட் அதைச் செல்லாததாக்கியிருந்தான், மைல் எண்டில் கொடுத்ததைப் போலவே. 1397 செப்டம்பர் 21-ஆம் தேதி, பர்லியை வெட்டிய அதே டவர் ஹில்லில் ஆரண்டெலை வெட்டினார்கள். அரசியின் இடத்தில் அப்போது இருந்தவள் பிரான்ஸிலிருந்து வந்த இசபெல். அவளுக்கு வயது 7.