அப்படியே இருக்கச் சொல்ல நாம் யார்?

சனிக்கிழமை காலை, ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை போகும் சாலையைக் கவனித்திருக்கிறீர்களா? கர்நாடகப் பதிவெண், தமிழ்நாட்டுப் பதிவெண் என்று பேதமில்லாமல் கார்கள், பைக்குகள். சிலருக்கு 'குட்டி இங்கிலாந்து' என்று பெயர் வாங்கிய தளி. சிலருக்கு அய்யூர் காடு. இன்னும் கொஞ்சம் தெம்பு இருப்பவர்களுக்கு பெட்டமுகிலாளம் மலைக் கிராமங்கள்.

மேலே போனதும் குளிர்காற்று, ராகி வயல், வாசலில் கட்டிய மாடு. 'ஆஹா, இதுதான்யா வாழ்க்கை! இந்த ஜனங்க மட்டும் மாறவே கூடாது' என்று ஒரு பெருமூச்சு. அழகை ரசிப்பதில் தப்பே இல்லை. அந்தக் கடைசி வாக்கியம்தான் இடிக்கிறது.

யோசித்துப் பாருங்கள். ராகி வயல் நமக்குக் காட்சி. அவருக்கோ, அறுவடை நேரத்தில் யானை இறங்குமே என்று பரண்மேல் கண்விழிக்கும் ராத்திரி. கூரை வீடு நமக்கு போட்டோ. அவருக்கு, மழைக்கு முன்னால் பார்த்தாக வேண்டிய செலவு. நாம் கான்கிரீட் வீடு, பெரிய ஆஸ்பத்திரி, இங்கிலீஷ் மீடியம் என்று மாறிக்கொண்டே இருப்போம். அவர் மட்டும் நம்முடைய ஞாயிற்றுக்கிழமைக்காக மாறாமல் இருக்கணும். என்ன நியாயம் சார் இது?

இன்னொரு வேடிக்கை. 1970-களில் சிப்காட் வந்த பிறகு ஓசூர் தொழில் நகரமாக வளர்ந்தது. மலைக் கிராமத்துப் பையன்களும் பிழைப்புக்கு இங்கே இறங்கி வருகிறார்கள். மேலே பார்த்தால் அவன் 'மண்ணின் மைந்தன்'. தோளில் கைபோட்டு செல்ஃபி. அதே பையன் திங்கட்கிழமை கம்பெனி கேட்டில் யூனிஃபார்மோடு நின்றால் வெறும் 'காண்ட்ராக்ட் லேபர்'. பெயர்கூடக் கேட்க மாட்டோம். அப்படியானால் நமக்குப் பிடித்தது அவனையா, அவனுக்குப் பின்னால் தெரிந்த மலையையா?

'எல்லாரும் மாறிட்டா மலையும் இன்னொரு ஓசூர் ஆயிடாதா?' என்பீர்கள். ஆகலாம். பழைய வழக்கங்கள் தொலைந்தால் நஷ்டம்தான். ஆனால், எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று முடிவெடுக்க வேண்டியவர்கள் அங்கே வாழ்கிறவர்கள். வாரக் கடைசியில் வந்துபோகிறவருக்கு அதில் ஓட்டு கிடையாது.

அதற்காகப் போகாமல் இருக்க வேண்டாம். எப்படிப் போகிறோம் என்பதுதான் விஷயம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் ஏற்பட்ட காட்டுத்தீ, மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்டது. 2024 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 பாதைகள். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் குத்திராயன் சிகரமும் அதில் ஒன்று. முன்பதிவு செய்து, வழிகாட்டியோடுதான் போகணும். பழங்குடி இளைஞர்களைப் பயிற்சி கொடுத்து வழிகாட்டிகள் ஆக்கியிருக்கிறார்கள்.

அவர்களுக்குச் சம்பளம் கிடைப்பது நல்ல விஷயம். அதைவிட நல்ல விஷயம் ஒன்று உண்டு. காட்டுக்குள் அவர் முன்னால் நடக்கிறார், நாம் பின்னால். லத்தியைப் பார்த்துவிட்டு 'யானை பக்கத்துலதான் இருக்கு, நில்லுங்க' என்றால், மேனேஜரும் நிற்க வேண்டியதுதான். நேற்றுவரை வேடிக்கைப் பொருளாக இருந்தவர், இன்று நமக்கு வாத்தியார்.

அடுத்த முறை மலைக்குப் போனால், 'நீங்க மாறாதீங்க' என்று சொல்லிவிட்டு வராதீர்கள். 'உங்களுக்கு இங்கே என்னங்க மாறணும்?' என்று கேட்டுப் பாருங்கள். ரோடு, பஸ், பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி என்று பதில் வரலாம். ஆல்பத்தில் ஒட்டுகிற மாதிரி இருக்காதுதான். உட்கார்ந்து முழுசாகக் கேளுங்கள்.