ஒப்படைத்த பொருள்

அனுப்பம்பட்டு என்று சொன்னால் வாசகர்களில் பலருக்குப் புரியாது. சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் மின்சார ரயில், மீஞ்சூரை விட்டுப் பொன்னேரியை அடைவதற்கு முன்னால் நின்று போகிற சின்ன ஸ்டேஷன் அது. வடகிழக்கே போனால் பழவேற்காட்டு ஏரி. அந்த ஏரிக்கரைக் குப்பம் ஒன்றிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த ஓர் அம்மாள் எங்கள் பக்கத்து வீட்டில் இருக்கிறாள். அறுபது வயது இருக்கும். நான் கதை எழுதுகிறவன் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் அதைவிட, நான் மனு எழுதத் தெரிந்தவன் என்பதுதான் அவளுக்கு முக்கியம். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க, மின்சார மீட்டரை மாற்ற என்று அவளுக்காக நான் எழுதிய மனுக்கள், இந்த வருஷம் நான் எழுதிய கதைகளைவிட அதிகம். பலித்தவையும் அவைதான் அதிகம்.

ஒரு நாள் காலையில் கையில் ஒரு பித்தளைக் குங்குமச் சிமிழுடன் வந்து நின்றாள். திறந்து காட்டினாள். உள்ளே ஒன்றும் இல்லை.

பூனாவில் இருக்கும் மகள் வீட்டில் பேத்திக்குக் காது குத்து. தம்பி மகன் ஆகாய விமானத்துக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தான். அவளுக்கு அதுதான் முதல் விமானப் பிரயாணம். தன் தாய் போட்டிருந்த இரண்டு சவரன் சங்கிலியைப் பேத்தியின் கழுத்தில் போட வேண்டும் என்று ஆசை. அதை மஞ்சள் துணியில் சுற்றி, இந்தச் சிமிழில் வைத்து, சிமிழைப் புடவை மடிப்புக்குள் செருகி, பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

“கழுத்துல போட்டுக்கினு போகக் கூடாதா?” என்று கேட்டேன். கேட்ட மாத்திரத்திலேயே, இந்தக் கேள்வியை இதற்குள் இருபது பேராவது அவளிடம் கேட்டிருப்பார்கள் என்று தோன்றியது.

“காலையில ரயில்ல எம்மாங் கூட்டம்னு உங்களுக்குத் தெரியாதாய்யா? அந்தக் கூட்டத்துல கழுத்துல போட்டுக்கினு போவ எனக்கு தைரியம் இல்ல. கைப்பையில வெச்சா பையோட போவும். ஏர்போர்ட்ல பொட்டிய வாங்கினாங்க, நிறுத்தாங்க, சீட்டு ஒட்டினாங்க, எனக்கு ஒரு சீட்டு கிழிச்சுக் குடுத்தாங்க. இனிமே பயம் இல்லன்னு நெனச்சேன்.”

நன்றாகக் கவனிக்க வேண்டும். அவள் அஜாக்கிரதையால் அந்தச் சங்கிலியைப் பெட்டியில் வைக்கவில்லை. ஜாக்கிரதையால்தான் வைத்தாள். எடை பார்த்து, சீட்டு ஒட்டி, ரசீது கொடுத்து வாங்கிக்கொள்கிறவர்கள் பொறுப்பேற்கிறார்கள் என்று அவள் நினைத்தாள். ரயிலில் அது சட்டமாகவே இருக்கிறது. ரயில்வே ஊழியர் பதிவு செய்து ரசீது கொடுத்த சாமானுக்குத்தான் ரயில்வே பொறுப்பு; பயணி தானே கொண்டு போகிற மூட்டைக்குப் பெரும்பாலும் அவனே பொறுப்பு. 1989-ஆம் வருஷத்து ரயில்வே சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆகாயத்தில் வழக்கம் தலைகீழ். மடியில் வைத்திருப்பதுதான் பத்திரம், ஒப்படைத்தது பத்திரம் இல்லை. நகை, பணம், முக்கியமான காகிதங்கள் இவற்றைப் பதிவு செய்யும் பெட்டியில் வைக்கக் கூடாது என்று விமானக் கம்பெனிகளின் விதிகளில் எழுதியிருக்கிறது. எங்கே? இங்கிலீஷில், பொடி எழுத்தில். சீட்டு ஒட்டிய பெண் பெட்டியில் பாட்டரி இருக்கிறதா, லைட்டர் இருக்கிறதா என்று கேட்டாளாம். சங்கிலி இருக்கிறதா என்று கேட்கவில்லை.

பூனாவில் பெட்டியை எடுத்தபோது பூட்டு பூட்டியபடியே இருந்தது. புடவைகள் மடிப்புக் கலையாமல் இருந்தன. காய்ந்த இறால் பொட்டலத்தை யாரும் தொடவில்லை. சிமிழின் மூடி மூடியிருந்தது. காது குத்து நாளன்று காலையில் திறந்தபோதுதான் தெரிந்தது.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. துணிப் பெட்டிகளின் ‘ஜிப்’பைப் பேனா முனையால் குத்திப் பிளக்கலாம், வேலை முடிந்ததும், பூட்டோடு சேர்ந்த பிடியை அதன்மேல் ஒரு தரம் ஓட்டினால் பழையபடி மூடிக்கொள்ளும். போயிங் 737 போன்ற விமானங்களில் பெட்டிகளைக் கையால்தான் அடுக்குகிறார்கள். விமானத்தின் வயிற்றுக்குள், நிமிர்ந்து நிற்க முடியாத இடத்தில், ஓர் ஆள் மண்டியிட்டுக்கொண்டு பெட்டிகளை வாங்கி அடுக்குகிறான். சித்திரை வெயிலில் அது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்கலாம். அங்கே அவனைப் பார்க்க ஒருவரும் இல்லை. பதினைந்து கிலோப் பெட்டியில் பதினாறு கிராம் குறைந்தால் எந்தத் தராசும் காட்டாது.

ஆனால் என் மனத்தை விட்டு நீங்காமல் இருப்பது அந்தச் சிமிழின் மூடிதான். சங்கிலியை எடுத்தவன் சிமிழை ஏன் மூடினான்? உடனே தெரியக் கூடாது என்ற தந்திரமாக இருக்கலாம். வீட்டில் பெண்டாட்டியின் சிமிழை மூடி மூடிப் பழகிய கையாகவும் இருக்கலாம். நாவலாசிரியனுக்கு இது ஒரு வியாதி. திருடனுக்குக்கூட ஒரு வீடு கட்டிக் கொடுத்துவிடுவான்.

அந்த அம்மாளுக்கு அந்த வியாதி இல்லை. ஆனால் அவளுக்கு வேறொன்று நேர்ந்திருந்தது. திரும்பி வரும்போது ஜன்னல் ஓரத்தில் இடம் கிடைத்ததாம். கீழே பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தவர்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். “இவனா இருக்குமோ, அவனா இருக்குமோன்னு ஒவ்வொரு மூஞ்சியா பாத்தேன்யா. எல்லாம் எம் புள்ள வயசுப் பசங்க. அப்புறம் எனக்கே வெக்கமாப் பூட்சு.”

சிலப்பதிகாரத்தைப் படித்தவர்களுக்கு இது விளங்கும். நம்முடைய பெருங்காப்பியத்தின் கதையே ஒரு நகைத் திருட்டு வழக்குத்தானே! சிலம்பை எடுத்தவன் ஒருவன், உயிரை இழந்தவன் இன்னொருவன். ஒப்படைக்கப்பட்டிருந்த இடத்தில் கைவைத்த பொற்கொல்லன், பழியைப் போட வெளியூரான் ஒருவன் கிடைத்ததும் பிழைத்துக்கொண்டான். அதே காப்பியத்தில் அடைக்கலக் காதையும் இருக்கிறது. கவுந்தியடிகள் ஒப்படைத்த கண்ணகியை மாதரி என்னும் இடைக்குல மூதாட்டி ஏற்றுக்கொள்கிறாள். ரசீது இல்லை, பொடி எழுத்து விதி இல்லை. இந்த இரண்டையும் இளங்கோவடிகள் ஏன் ஒரே காண்டத்தில் வைத்தார் என்று கல்லூரி நாட்களில் நான் யோசித்ததே இல்லை.

திருடியவன் பாவி, அதில் சர்ச்சை இல்லை. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, பிரயாணிகளும் சரக்கும் போகிற வாகனத்திலிருந்து பொருளைத் திருடினால் ஏழு வருஷம் வரை சிறை என்கிறது. பிடிபட்டால்தானே? சில சமயம் பிடிபடுகிறார்கள். 2008-இல் அமெரிக்காவில் நியூவார்க் விமான நிலையத்தில், பெட்டிகளைச் சோதிக்கும் அரசாங்க உத்தியோகஸ்தர் ஒருவரே அகப்பட்டார். ஒரு செய்தி நிறுவனத்தின் காமிராவைத் திருடி இன்டர்நெட்டில் விற்கப்போய், அதில் ஒட்டியிருந்த நிறுவனப் பெயரை முழுதும் கிழிக்க மறந்துவிட்டார். நம் நாட்டிலும் சாமான் ஏற்றுகிறவர்கள் கைதான செய்திகள் அவ்வப்போது வருகின்றன. அவர்களோடு வேலை செய்கிற ஆயிரக்கணக்கான மற்றவர்கள் ஒரு நாளில் எத்தனை பெட்டிகளைத் தொட்டு, எதையும் எடுக்காமல் வீட்டுக்குப் போகிறார்கள் என்பது செய்தியாக வருவதில்லை.

எனக்குள்ள கேள்வி வாங்கிக்கொண்டவரைப் பற்றியது. பிறர் பொருளை வாங்கி வைத்துக்கொள்கிறவன், சாதாரண விவேகமுள்ள ஒருவன் தன் சொந்தப் பொருளை எப்படிக் காப்பானோ அப்படிக் காக்க வேண்டும் என்று 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் சொல்கிறது. இதைச் சட்டமாக எழுதாவிட்டாலும் எந்தப் பாட்டியும் சொல்லியிருப்பாள். ஆகாய விமானம் வந்ததும் இந்தத் தர்மத்துக்கு வரம்பு கட்டினார்கள். 1929-இல் வார்ஸாவில் உலக நாடுகள் கூடி ஒப்பந்தம் செய்தன. பதிவு செய்த சாமானுக்குக் கிலோவுக்கு 250 தங்க பிராங்குகள், அதற்கு மேல் கேட்கக் கூடாது என்றார்கள். விமானத் தொழில் அப்போது குழந்தை. ஒரு விபத்தில் கம்பெனியே மூழ்கிவிடக் கூடாது என்ற பரிவு. பெட்டிக்குள் பருத்தி இருந்தாலும் பவுன் இருந்தாலும் நிறுத்துத்தான் விலை. 1999-இல் மான்ட்ரீல் ஒப்பந்தம் கிலோக் கணக்கை விட்டு ஆள் கணக்குக்கு வந்தது. இந்தியா 2009-இல் அதில் சேர்ந்தது. உள்நாட்டுப் பிரயாணத்தில் சாமானுக்கு ஆளுக்கு 20,000 ரூபாய் என்று வரம்பு வைத்தார்கள். மதிப்பை முன்கூட்டியே அறிவித்துக் கூடுதல் கட்டணம் கட்டலாம் என்றும் அந்த ஒப்பந்தத்தில் ஒரு வழி உண்டு. அப்படிச் செய்த ஒருவரையாவது நான் என் ஆயுளில் சந்தித்ததில்லை.

ஒப்பந்தத்தில் ஒரு விலக்கும் இருக்கிறது. கம்பெனியின் ஆட்களே வேண்டுமென்று கேடு செய்தால் வரம்பு செல்லாது. ஆனால் அந்த ஆள் தன் வேலையின் எல்லைக்குள் அதைச் செய்திருக்க வேண்டும். திருடுவது வேலையின் எல்லைக்குள் வருமா? வக்கீல்கள் சிரிக்காமல் வாதாடுகிற கேள்வி இது. 1965-இல் இங்கிலாந்தில் இதைப்போல ஒரு வழக்கு வந்தது. ஓர் அம்மாளின் விலையுயர்ந்த மிங்க் ரோமத் துண்டைச் சுத்தம் செய்யக் கொடுத்தார்கள். கடையில் அதைச் சுத்தம் செய்ய நியமித்த ஆளே எடுத்துக்கொண்டு போய்விட்டான். நாங்கள் திருடச் சொல்லவில்லையே என்றது கடை. எந்த ஆளிடம் காக்கும் வேலையைக் கொடுத்தீர்களோ அவன் செய்ததற்கு நீங்கள்தான் பொறுப்பு என்று டென்னிங் பிரபு முதலிய நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். கடையில் வேலை செய்த வேறு எவனோ புகுந்து எடுத்திருந்தால் தீர்ப்பு மாறியிருக்கும். அந்த நுட்பம் எனக்குப் பிடித்திருந்தது.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு நான் மனு எழுத உட்கார்ந்த சமயத்தில்தான் உண்மையான சங்கடம் வந்தது.

தம்பி மகன் விவரம் தெரிந்த பையன். எங்கேயோ விசாரித்துக்கொண்டு வந்திருந்தான். “சார், நகைன்னு எழுதினா ஒரு பைசா தர மாட்டாங்க. பட்டுப் புடவை ரெண்டு, வெள்ளிக் கரை வேட்டி ஒண்ணு காணோம்னு எழுதுங்க. பதினெட்டாயிரம், இருபதாயிரம் வரைக்கும் குடுப்பாங்களாம். அத்தைக்கு நியாயமா வர வேண்டியதுல கால்வாசிகூட இல்ல அது” என்றான்.

வாசகர்களிடம் மறைப்பானேன்? எனக்கு அது நியாயமாகவே பட்டது. இழந்தது உண்மை. இழப்பின் மதிப்பு அதைவிடப் பல மடங்கு. விதி, நியாயத்துக்குப் போகும் நேர்வழியை அடைத்து வைத்திருக்கிறது. பக்கத்து வழியாகப் போனால் யாருக்கு நஷ்டம்? பொய் சொல்லி அதிகம் வாங்கவில்லையே, பொய் சொல்லிக் குறைவாகத்தானே வாங்குகிறோம்! பேனாவைத் திறந்து, ‘இரண்டு காஞ்சீபுரம் பட்டுப் புடவைகள்’ என்று எழுதியும்விட்டேன். புடவையின் நிறம்கூட மனசில் வந்துவிட்டது. அரக்கு, பச்சைக் கரை. பொய் சொல்வதில் எனக்கு இருக்கும் தேர்ச்சி தொழில்முறையானது.

எழுதியதைப் படித்துக் காட்டினேன். அந்த அம்மாள் சற்று நேரம் பேசவில்லை.

“சங்கிலி எங்கய்யா?” என்றாள்.

பையன் மறுபடி விளக்கினான். அவள் தலையை ஆட்டினாள்.

“புரியுதுடா. ஆனா எங்கம்மா சங்கிலின்னு ஒண்ணு இருந்துச்சே. அதுக்கு பில்லும் இல்ல, போட்டோவும் இல்ல. எடுத்தவன் சொல்ல மாட்டான். நாமும் பொடவைன்னு எழுதிட்டா, அது எங்கதான் இருக்கும்? அப்படி ஒண்ணு இல்லவே இல்லன்னு ஆயிடாதா?”

பொய் சொல்வது பாவம் என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் வாதாடியிருப்பேன். அவள் பிறந்த ஊர்ப் பக்கம் ஏரியில் மீன் பிடிக்கப் ‘பாடு’ முறை உண்டு. சீட்டுப் போட்டு, இன்னார் இன்ன நாளில் இன்ன இடத்தில் வலை கட்டலாம் என்று பங்கிட்டுக்கொள்வார்கள். நல்ல பாடும் வரும், மோசமான பாடும் வரும். சீட்டில் விழுந்ததுதான் பங்கு. அதற்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் மனக்குறை வேறு கதை. விழுந்த சீட்டை வேறு சீட்டு என்று சொல்லக் கூடாது என்பது அந்தப் பழக்கத்திலிருந்து வந்ததோ என்று பிற்பாடு யோசித்தேன். அப்படியெல்லாம் காரணம் கண்டுபிடிப்பதும் என் வியாதியாக இருக்கலாம். தாயின் சங்கிலியைப் புடவை என்று சொல்ல ஒரு மகளுக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதானோ என்னவோ.

பையன் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டான். அவன் கோபத்திலும் நியாயம் இருக்கிறது என்று இப்போதும் நினைக்கிறேன். டிக்கெட்டுக்குப் பணம் கொடுத்தவன் அவன். அத்தைக்கு ஏதாவது கிடைக்கட்டும் என்று பாடுபட்டவனும் அவன்தான். அவனை நான் பொய்யன் என்று சொல்லத் தயாராயில்லை. அந்தக் காகிதத்தில் இருந்தது என் கையெழுத்து.

கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். இரண்டு சவரன் சங்கிலி, கொக்கி பக்கத்தில் ஒரு கண்ணி மாற்றிப் பற்ற வைத்தது, பித்தளைச் சிமிழில் வைத்திருந்தது என்று அவள் சொன்னபடியே எழுதினேன். கம்பெனி அந்தப் பொருளைக் காக்கக் கடமைப்பட்டது என்று என் சார்பில் இரண்டு வரி சேர்த்தேன். ஒரு நகலைப் போலீஸுக்கும் கொடுத்தோம். எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம் என்று புதிய சட்டம் சொல்கிறது. கொடுத்துவிட்டு வர அரை நாள் ஆயிற்று.

ஐந்து வாரம் கழித்துக் கம்பெனியிலிருந்து பதில் வந்தது. மரியாதையான இங்கிலீஷ். வருந்துவதாகவும், விதிகளின்படி நகைகளுக்குப் பொறுப்பேற்க இயலாது என்றும் எழுதியிருந்தார்கள். படித்துத் தமிழில் சொன்னேன்.

“சங்கிலின்னு எழுதியிருக்கானா?” என்று கேட்டாள்.

“எழுதியிருக்கிறான். பதினாறு கிராம் தங்கச் சங்கிலி என்று இரண்டாவது வரியில் இருக்கிறது.”

“எந்த எடத்துல, காட்டுங்க.”

விரலால் காட்டினேன். அவளுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. அந்த இடத்தைச் சிறிது நேரம் பார்த்தாள். பிறகு காகிதத்தை வாங்கி நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று புறப்பட்டாள்.