தோல்வி யாருடையது?

நகரி, புத்தூர்ப் பகுதிகளில் விசைத்தறியை நம்பி வாழும் குடும்பங்கள் பல. துணியில் குறை விழுந்தால் நெசவாளியின் கூலியில் பிடித்தம் செய்வது நெசவுத் தொழிலில் பழகிப்போன ஒன்று. பாவு இழை அறுந்ததற்கு நெசவாளியின் கவனக்குறைவு காரணமாக இருக்கலாம்; மட்டமான நூலை வாங்கித் தந்தவரின் சிக்கனமும் காரணமாக இருக்கலாம். ஆயினும் குறை தென்பட்ட இடத்தில் நின்றவர் நெசவாளி. எனவே பழி அவரைச் சேர்கிறது.

அலுவலகங்களிலும் இதே நிலைதான். பாராட்டு மேலே ஏறுகிறது. பழி கீழே வழிகிறது. ‘நான் அன்றே எழுதியிருந்தேனே!’ என்று பின்னாளில் காட்டுவதற்காகவே கோப்பில் குறிப்பெழுதி வைப்போர் உண்டு. (அக்குறிப்பால் வேலை சிறிதும் நகராது என்பது எழுதுபவருக்கே தெரியும்.) நேரந்தவறாமை, இனிய பேச்சு, தூய உடை ஆகியவற்றையே தொழிலுக்குரிய ஒழுக்கம் என்று நாம் கருதுகிறோம். அவை வேண்டியவையே. ஆனால் அவ்வொழுக்கம் உரைத்துப் பார்க்கப்படுவது, எடுத்த வேலை தோற்றுப்போகும் நாளில்தான்.

2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் அடங்கியுள்ள ஸ்ரீஹரிகோட்டாவில் அத்தகைய நாள் ஒன்று வந்தது. 1979 ஆகஸ்ட் 10 அன்று ஏவப்பட்ட எஸ்.எல்.வி-3 ராக்கெட் 317 விநாடிகளில் வங்கக்கடலில் விழுந்தது. திட்ட இயக்குநர் அப்துல் கலாம். ஏவுவதற்குச் சற்று முன் கணினி தடுத்து நிறுத்தியதையும், நிபுணர்களைக் கலந்து, அந்தத் தடையைக் கடந்து ஏவத் தாமே முடிவெடுத்ததையும் பின்னாளில் அவரே கூறியிருக்கிறார். அன்று செய்தியாளர்களைச் சந்தித்தவரோ இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைவர் சதீஷ் தவான். நாம் தோற்றோம், என் குழுவின்மீது எனக்கு நம்பிக்கை உண்டு, அடுத்த ஆண்டில் வெல்வோம் என்ற கருத்துப்பட அவர் பேசினார்.

இங்கே ஓர் ஐயம் எழுகிறது. முடிவெடுத்தவர் ஒருவர், பொறுப்பேற்றவர் மற்றொருவர். அப்படியாயின் தவான் பேசியது பெருந்தன்மையே ஒழிய, சத்தியமாகுமா? கீழே உள்ளவரைக் காப்பதற்காக உண்மையை மறைப்பதும் ஒருவகைப் பொய்யல்லவா?

‘காரணம்’ என்பதை நாம் குறுகிய பொருளில் கொள்வதால் வரும் ஐயம் இது. கடைசியாகக் கை வைத்தவன் மட்டுமே கர்த்தா அல்லன். ஒரு வேலைக்கு ஆளைத் தேர்ந்து ஒப்படைப்பதும் வினையே. அதனால்தான் வள்ளுவர் ‘தெரிந்துதெளிதல்’, ‘தெரிந்துவினையாடல்’ என இரண்டு அதிகாரங்களை அதற்கென்றே ஒதுக்கினார். கலாமைத் தேர்ந்து, அதிகாரம் தந்து, காலக்கெடுவும் வகுத்த நிறுவனத்தின் தலைவர் ‘நாம்’ என்று சொன்னதில் பொய்யேதும் இல்லை. ‘அவர்’ என்று சொல்லியிருந்தால்தான் அது பாதி உண்மையாகியிருக்கும்.

ஆனால் இத்துடன் நின்றிருந்தால் இதை நான் பெரிதாகப் போற்றமாட்டேன். வெளியே காட்டிய கருணை உள்ளே கண்டிப்பைக் குறைக்கவில்லை. மறுநாளே விஞ்ஞானிகள் கூடி ஆராய்ந்தனர். இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் ஒரு வால்வு பழுதுபட்டு அமிலம் கசிந்தது தெரியவந்தது. அங்கே கலாம் எழுந்து பொறுப்பைத் தம்மேல் ஏற்றுக்கொண்டதாக ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் காண்கிறோம். தலைவர் தாங்குவார் என்று தெரிந்தால் கீழே இருப்பவர் பழுதை ஒளிக்கத் தேவையில்லை. தண்டனைக்கு அஞ்சுகிற இடத்திலோ வால்வின் கசிவும் நூலின் மட்டமும் கடைசிவரை வெளிவருவதில்லை. அடுத்த ராக்கெட்டும் அடுத்த பாவும் அதே பழுதுடன் ஏறுகின்றன.

1956-இல் அரியலூர் ரயில் விபத்தை அடுத்து லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகியதை நாம் இன்றும் நினைவுகூர்கிறோம். உயர்ந்த செயல்தான். எனினும் தோற்ற மறுநாள் அதே நாற்காலியில் அமர்ந்து, அதே குழுவுடன் பழுதைத் தேடுவது அதைவிடக் கடினம் என்றே எனக்குத் தோன்றுகிறது. அங்கே கைதட்டுவோர் யாரும் இல்லை.

1980 ஜூலை 18 அன்று எஸ்.எல்.வி-3, ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. அன்றும் செய்தியாளர்கள் காத்திருந்தனர். தவான் கலாமை அழைத்து, ‘இன்று நீங்கள் பேசுங்கள்’ என்று அனுப்பிவைத்தார்.