மைல் கேட்கலாம், வழி கேட்கலாமா?

பிரிட்டனில் கார் வைத்திருந்தவர்கள் முன்கண்ணாடியில் வட்டமாக ஒரு காகிதம் ஒட்டியிருப்பார்கள். வரி கட்டியாச்சு என்பதற்கு அத்தாட்சி. 1921ல் வந்த வழக்கம். 2014 அக்டோபர் முதல் தேதியோடு அதற்கு விடை கொடுத்துவிட்டார்கள். எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கு, நம்பர் பிளேட்டை கேமரா படித்துக்கொள்ளும், அப்புறம் காகிதம் எதுக்கு?

நியாயம்தானே என்பீர்கள். நியாயம்தான். ஆனால், ஒரு சின்ன வித்தியாசம். அந்தக் காகிதத்துக்குத் தெரிந்ததெல்லாம் இது எந்த வண்டி, வரி எந்த மாதம் வரை என்பதுதான். வண்டி நேற்று ராத்திரி எந்தத் தெருவில் போனது என்பது அதற்குத் தெரியாது. கேமராவுக்குத் தெரியும்.

‘தப்பு செய்யாதவன் எதுக்குய்யா பயப்படணும்?’ என்று உடனே ஒரு கேள்வி வரும். டீக்கடையிலிருந்து பார்லிமென்ட் வரை எல்லோரும் கேட்கிற கேள்வி. கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

2003 பிப்ரவரியில் லண்டன் மையப் பகுதிக்குள் நுழையும் கார்களுக்கு நெரிசல் கட்டணம் வந்தது. நாளைக்கு 5 பவுண்ட். நம்பர் பிளேட்டைப் பிடிக்கத்தான் கேமரா. நோக்கம் நெரிசலைக் குறைப்பது. 2007 ஜூனில் லண்டனில் கார் குண்டு வைக்கும் முயற்சி ஒன்று பிடிபட்டது. அடுத்த மாதமே, தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் விலக்குக் கொடுத்து, அதே கேமராக்களின் தகவலை உடனுக்குடன் பார்க்கும் வசதி பயங்கரவாதத் தடுப்புப் போலீசுக்குத் தரப்பட்டது.

அதில் தப்பே இல்லை என்று நீங்கள் சொல்லலாம். குண்டு வெடித்தால் யார் பதில் சொல்வது? சரி. ஆனால் கவனியுங்கள், கேமரா மாறவில்லை. வேலை மாறிவிட்டது.

அடுத்தது பர்மிங்ஹாம். முஸ்லிம்கள் அதிகம் வாழும் இரண்டு பகுதிகளில் சுமார் 200 கேமராக்கள். சிலது கண்ணுக்குத் தெரியும், சிலது தெரியாது. குற்றங்களைக் குறைக்கத்தான் என்று அங்கிருந்தவர்களிடம் சொன்னார்கள். பணம் பயங்கரவாதத் தடுப்பு நிதியிலிருந்து வந்தது என்பது 2010ல் வெளியே வந்தது. மக்கள் கொதித்தார்கள். கேமராக்களுக்குப் பை மாட்டினார்கள். பிறகு கழற்றியே விட்டார்கள்.

இப்போது சொல்லுங்கள். அந்தத் தெருவில் பால் வாங்கப் போனவர் என்ன தப்பு செய்தார்? ஒன்றுமில்லை. அந்தத் தெருவில் குடியிருந்தார், அவ்வளவுதான். எது தப்பு என்று தீர்மானிப்பது நாமல்ல, கேமராவுக்குப் பின்னால் இருப்பவர். அவர் நாளைக்கு மாறுவார். பதிவு அப்படியே இருக்கும்.

அப்படியானால் வரியே வேண்டாமா? வேண்டும். ரோடு சும்மா வராது. மின்சாரக் கார்கள் பெருகினால் பெட்ரோல் வரி படுத்துவிடும். ஓடுகிற தூரத்துக்கு வரி என்பது நியாயமான யோசனைதான்.

2005ல் போக்குவரத்து அமைச்சர் அலிஸ்டர் டார்லிங் அதைத்தான் சொன்னார். செயற்கைக்கோள் மூலம் கணக்கெடுத்து, நெரிசலான சாலையில் நெரிசலான நேரத்தில் மைலுக்கு 1.34 பவுண்ட் வரை வாங்கலாம் என்றார். 2007ல் பிரதமரின் இணையதளத்திலேயே 18 லட்சம் பேர் எதிர்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். இது வேவு பார்க்க அல்ல என்று டோனி பிளேர் மின்னஞ்சலில் விளக்கினார். நாடு தழுவிய திட்டம் எழவில்லை.

2025 நவம்பர் பட்ஜெட்டில் அது வேறு உருவத்தில் வந்தது. 2028 ஏப்ரலிலிருந்து மின்சாரக் காருக்கு மைலுக்கு 3 பென்ஸ். இந்த முறை செயற்கைக்கோள் இல்லை. வண்டியின் மீட்டரைப் பார்த்தால் போதும் என்றார்கள்.

காமர்ஸ் படித்தவன் புத்தி, இது எனக்குப் பிடித்திருக்கிறது. பில் போட என்ன விவரம் வேண்டுமோ அதை மட்டும் கேள். மளிகைக்கடைக்காரர் எத்தனை கிலோ என்றுதான் கேட்பார். வீட்டுக்கு யார் சாப்பிட வருகிறார்கள் என்று கேட்டால் வேறு கடை பார்ப்போம்.

இதற்கும் ஒரு விலை உண்டு. ஆள் அரவமில்லாத கிராமத்துச் சாலையில் ஓட்டுபவருக்கும் லண்டன் நெரிசலில் நிற்பவருக்கும் ஒரே கட்டணம். மீட்டருக்கு இடம் தெரியாதே! துல்லியமான நியாயம் வேண்டுமென்றால் நம் வழித்தடத்தைக் கொடுக்க வேண்டும். வழித்தடத்தைக் காப்பாற்ற வேண்டுமென்றால் கொஞ்சம் அநியாயத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். இரண்டும் முழுசாகக் கிடைக்காது. நான் இரண்டாவதன் பக்கம். அநியாயமான ரேட்டை அடுத்த பட்ஜெட்டில் திருத்தலாம். ஒருமுறை தெரிந்துபோனதைத் தெரியாததாக்க எந்த பட்ஜெட்டாலும் முடியாது.

‘பிரிட்டன் கதை நமக்கெதற்கு?’ என்கிறீர்களா? இங்கே 2021 பிப்ரவரியிலிருந்து ஃபாஸ்டேக் கட்டாயம். செயற்கைக்கோள் மூலம் சுங்கம் வசூலிக்க 2024 செப்டம்பரில் விதியும் திருத்தியாச்சு. கட்டணம் எவ்வளவு என்று நாம் கட்டாயம் சண்டை போடுவோம், போடவும் வேண்டும். அந்தச் சண்டைக்கு நடுவே இன்னொன்றையும் கேட்டு வையுங்கள்: ‘சார், பணம் வாங்கியாச்சு. நான் போன வழியை எப்போது அழிப்பீங்க?’