கனத்த பாவாடை

மேரி கிங்ஸ்லி என்றதும் எல்லாரும் சொல்வது அந்தக் குழிக் கதையைத்தான். 1895, இன்றைய காபோன் நாட்டுக் காடு. விலங்கு பிடிக்க வெட்டி, அடியில் கூர்முளைகள் நட்டிருந்த குழிக்குள் விழுந்துவிடுகிறார். உடுத்தியிருந்த கனத்த பாவாடை காப்பாற்றிவிடுகிறது. ஆண்களின் உடையில் வந்திருந்தால் அன்றே கதை முடிந்திருக்கும் என்று பிறகு கேலியாக எழுதினார். சிரிப்பு வரும். ஆனால் கொஞ்சம் யோசித்தால், அவருடைய மொத்த வாழ்க்கையின் வாதமே அந்தப் பாவாடைதான்.

மேரி பள்ளிக்கூடம் போனதில்லை. தம்பி கேம்பிரிட்ஜ் போனார். அப்பா ஊர் ஊராகச் சுற்றிய மருத்துவர். படுத்த படுக்கையான அம்மாவைப் பார்த்துக்கொண்டது மேரி. 1892இல் இருவரும் சில வார இடைவெளியில் இறந்தார்கள். அடுத்த வருஷமே மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பல். துணியும் புகையிலையும் விற்று வழிச்செலவு, ஒகோவே ஆற்றில் பிடித்த மீன்கள் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு, போதாததற்குக் கேமரூன் மலை உச்சி வேறு.

இப்படிப்பட்டவர் திரும்பி வந்து, தம்பிக்கு வீடு பார்த்துக்கொண்டே, பெண்களுக்கு நாடாளுமன்ற வாக்குரிமை வேண்டாம் என்றார்! பத்திரிகைகள் 'புதுமைப் பெண்' என்றபோது, நான் அப்படியில்லை என்று மறுத்தார்.

கோழை என்று தள்ளிவிட முடியாது. சியரா லியோனில் 1898இல் ஆங்கிலேய அரசு போட்ட குடிசை வரியைப் பகிரங்கமாக எதிர்த்தவர். வாக்கே இல்லாமல் காலனி அமைச்சர் சேம்பர்லினிடம் வாதாடியவர்.

எங்கள் தொழிலில் ஒர்க்கரவுண்ட் என்று ஒன்று உண்டு. பிழையை அப்படியே விட்டுவிட்டு, அதைச் சுற்றிப்போய் வேலையை முடித்துக்கொள்வது. மேரி கண்டுபிடித்தது அதைத்தான். கடமை முடிந்தது, உடை மாறவில்லை, யாரையும் எதிர்க்கவில்லை, போகலாமா? போகலாம். இதில் எனக்குக் குறை சொல்ல எதுவுமில்லை. வேலி தாண்டியவர் வேலியையும் பிடுங்கியே ஆகணும் என்று கேட்க, தாண்டாத நமக்கு என்ன உரிமை? ஆனால் தாண்டியதால் கிடைத்த பேரை வைத்துக்கொண்டு வேலி சரிதான் என்று சொல்வது வேறு விஷயம். அதற்கான விலையை அவர் கொடுக்கவில்லை. வீட்டில் இன்னும் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் கொடுத்தார்கள்.

1900இல் தென்னாப்பிரிக்காவில், போயர் போர்க்கைதிகளுக்குச் செவிலியாக இருந்தபோது டைபாய்டு வந்து இறந்தார். வயது 37. அம்மா இன்னும் எட்டு வருஷம் உயிரோடு இருந்திருந்தால், மேரி அந்தக் கட்டிலைவிட்டு நகர்ந்திருக்கவே மாட்டார்.