மண் சுமக்கும் கைங்கரியம்

இளவேனிற் பருவம் வஸந்தோத்ஸவ காலம். திருமலையில் சைத்ர மாதப் பௌர்ணமியோடு நிறைவுறும் மூன்று நாட்கள் மலையப்ப ஸ்வாமி வஸந்த மண்டபத்தில் எழுந்தருளித் திருமஞ்சனம் கண்டருளுகிறார். வெயிலின் வெம்மை எம்பெருமான் திருமேனியைத் தீண்டலாகாதே என்ற பரிவினால் நடைபெறும் இவ்வுத்ஸவத்திற்குச் சந்தனமும் பன்னீரும் மட்டும் போதா, மலர்கள் வேண்டும்.

மலர் பயிரிடுவதையே வாழ்வாகக் கொண்ட மஹான்கள் பலர். ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வார் நந்தவனம் அமைத்தார். திருவரங்கத்தில் தொண்டரடிப்பொடியாழ்வார் தோளில் பூக்குடலையோடே ஸேவை ஸாதிக்கிறார். பூவிருந்தவல்லியில் அவதரித்த திருக்கச்சிநம்பிகள் பேரருளாளனுக்குப் பூவும் கொணர்ந்து, திருவாலவட்டமும் வீசினார். இவர்களுக்கெல்லாம் பூமி இருந்தது. இன்றோ மாடவீதிகளிலேயே கொல்லைகள் சுருங்கிவிட்டன. கிணற்றடி இருந்த இடங்களில் அடுக்கு வீடுகள் எழுந்துள்ளன. கடையில் முழக்கணக்கில் வாங்கிச் சாத்துவதில் குற்றமொன்றுமில்லை. ஆயினும் தன் கையால் நீர் வார்த்து வளர்த்த ஒரு துளஸி தளத்தைச் சமர்ப்பிக்க விழையும் அடியார் எங்கே போவார்? மொட்டை மாடிக்குத்தான் போக வேண்டும்.

மாடியில் வெயிலுக்குக் குறைவில்லை, மண்தான் இல்லை. அதைக் கூடை கூடையாகப் படியேறிச் சுமக்க வேண்டும். செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் ஆகியவற்றைக் கலந்து, பாரம் குறையத் தென்னை நார்க்கழிவும் சேர்ப்பர். ஒரு கன அடி ஈரமண் ஏறக்குறைய 45 கிலோ கனக்குமாதலால், தொட்டிகளைச் சுவரோரமாகவும் உத்தரங்களின் மேலாகவும் வைப்பதே தகும். ஆசை மிகுதியால் நடுத்தளம் முழுவதும் நிரப்பிவிட்டுப் பின்னர் கூரை ஒழுகுகிறதே என்று வருந்துவோர் உண்டு. தொட்டியின் அடியில் துளை வேண்டும். அது தளத்தில் படியாமல் செங்கல்லின் மீது நிற்க வேண்டும். பங்குனி, சித்திரை வெயிலில் காலையும் மாலையும் நீர் வார்க்காவிடில் நாற்றுகள் ஒரே பகலில் கருகும். தென்னங்கீற்றைச் சாய்த்து நிழல் தருவதும் நன்று.

குளிர்காலத்தில் கவாத்துச் செய்த மல்லிகை இப்பருவத்தில் மொட்டுக் கட்டும். துளஸி, மருக்கொழுந்து, நந்தியாவட்டை ஆகியன தொட்டியில் நன்றாகவே வளரும். தளிகைக்குக் கறியமுது வேண்டுமெனில் தண்டுக்கீரை ஒரு மாதத்திலும், வெண்டை ஒன்றரை மாதத்திற்குச் சற்று மேலும் பலன் தரும். கொத்தவரையும் வெயில் தாங்கும். சுரை, முள்ளங்கி போல்வன பல திருமாளிகைகளில் தளிகைக்கு விலக்கு. த்வாதசியன்று துளஸி பறிப்பதில்லை. இவை பெரியோர் கூறக் கேட்டு அறிய வேண்டியவை.

மண் சுமப்பதைப் பற்றி நினைக்கும்போது அனந்தாழ்வான் சரிதம் நினைவுக்கு வராமற் போகாது. திருவேங்கடமுடையானுக்குப் புஷ்ப கைங்கரியம் செய்ய மலைக்குச் செல்வார் உண்டோ என்று உடையவர் திருவரங்கத்துக் கோஷ்டியில் வினவியபோது, குளிருக்கும் காட்டுக்கும் அஞ்சி அனைவரும் வாளாவிருக்க, எழுந்து நின்றவர் அவர்; அதனாலேயே அனந்தாண்பிள்ளை எனப்பட்டார். நந்தவனத்திற்கு நீர் வேண்டி ஏரி வெட்டலானார். அவர் வெட்ட, கருவுற்றிருந்த தேவிகள் மண்ணைச் சுமந்து கொட்டினார். அங்கு வந்த சிறுவன் ஒருவன், "நானும் சுமக்கிறேன்" என்றான். ஆசாரியன் இட்ட பணியில் பிறர்க்குப் பங்கு தர அவர் இசையவில்லை. சிறுவனோ அவர் கண்ணில் படாமல் அம்மையாரிடமிருந்து கூடையை வாங்கிச் சுமந்தான். அதனைக் கண்ட அனந்தாழ்வான் சினந்து கடப்பாறையை வீச, அது அவன் மோவாயில் பட்டது. ஓடி மறைந்தான். ஸந்நிதியில் பார்த்தால் எம்பெருமானின் திருமோவாயில் குருதி! பதறிய அவர் பச்சைக் கர்ப்பூரத்தை அப்பினார். திருமோவாயில் இன்றும் கர்ப்பூரம் சாத்தப்பெறுவதற்கும், மஹாத்வாரத்தில் அக்கடப்பாறை காட்சியளிப்பதற்கும் இதுவே காரணம் என்பர்.

அனந்தாழ்வானிடம் பக்தியில் குறைவேது? குறையாத பக்திதான் அங்கே 'இது என் கைங்கரியம்' என்று வேலி கட்டிற்று. மாடித் தோட்டத்தில் அந்த வேலி இன்னும் எளிதாக எழும். வயலுக்கு வரப்பு ஒன்று. இங்கே ஒவ்வொரு செடியையும் சுற்றி ஒரு தொட்டிச் சுவர். 'என் தொட்டி, என் மல்லி' என்பதில் தொடங்கி, அடுத்த வீட்டுக் குழந்தை ஒரு மொட்டைக் கிள்ளிவிட்டதற்காக நாள் முழுதும் கடிந்துகொள்வதில் முடிகிறது. பெருமாளுக்கென்று வளர்த்த பூவாயிற்றே என்று நியாயமும் சொல்லப்படுகிறது! நீர்க்குடத்தைத் தூக்க ஆசையோடு வரும் சிறுவனை, வழியெல்லாம் சிந்திவிடுவான் என்று கீழே துரத்துவோரும் உளர். சிந்தத்தான் செய்வான். மண் கூடைக்காக நீண்ட கை யாருடையது என்று அன்று அனந்தாழ்வானுக்கே தெரியவில்லை.

மல்லிகையை விடியலில் மொட்டாகவே பறிக்க வேண்டும். அப்போதுதான் தொடுத்த மாலை அந்திப் புறப்பாட்டின்போது எம்பெருமான் திருமார்பில் மலரும். தூக்கக் கலக்கத்தோடு குடலையைப் பிடித்துக்கொண்டு ஒரு பிள்ளை உடன் நிற்குமானால், மொட்டுகளில் நாலைந்து கீழே உதிரும். மற்றவை ஸந்நிதிக்குப் போய்ச் சேரும்.